பாக்கெட் பைனாகுலர்: எட்டா, பத்தா?

பாக்கெட் பைனாகுலர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு வாங்கலாம்?" என்பதுதான். பெட்டியின் மேல் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், அதனால் கேள்வியும் அப்படியே வந்துவிடுகிறது. நான் அவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறு. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணில் வைத்ததும் முழு வட்டமும் பளிச்சென்று தெரிகிறதா? அல்லது ஓரத்தில் கருநிழல் அடித்து, கண்ணை இப்படியும் அப்படியும் நகர்த்திப் படத்தைத் தேட வேண்டியிருக்கிறதா? சின்ன பைனாகுலரின் தரம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. புதர் அசைகிறது, ஒரு காது தெரிகிறது, அப்புறம் ஒன்றுமில்லை. காட்டில் நமக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். அதற்குள் கண்ணுக்குப் படம் அகப்படவில்லை என்றால் எத்தனை மடங்கு இருந்தும் பிரயோசனமில்லை.

சின்னது எதற்கு, பெரியதே இருக்கட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழு அளவு 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ்) பொதுவாக 600 கிராமிலிருந்து 800 கிராம் வரை இருக்கும். காலையில் கழுத்தில் மாட்டும்போது ஒன்றும் தெரியாது. மேடு ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, கிளைகளுக்குள் நுழைந்து வரும்போது மார்பில் மோதிக்கொண்டே இருக்கும். மதியத்துக்குள் அது முதுகுப்பைக்குள் போய்விடும். முதுகுப்பைக்குள் போனது அவசரத்துக்கு வெளியே வராது. பாக்கெட் வகை 250 முதல் 350 கிராம். சட்டைப்பையில் கிடக்கும், கையை மார்புவரை உயர்த்தினால் போதும். விலங்குகளுக்கு நம் உருவத்தைவிட நம் அசைவுதான் முதலில் கண்ணில் படும் என்பதால், இந்தச் சின்ன அசைவிலேயே ஒரு லாபம் இருக்கிறது.

சரி, எண்களுக்கு வருவோம். 8×25 என்றால் எட்டு மடங்கு, முன்பக்க லென்ஸின் விட்டம் 25 மில்லிமீட்டர். எட்டு மடங்கில் 400 மீட்டர் தள்ளி நிற்கும் மான் 50 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். பத்து மடங்கில் 40 மீட்டர். இந்தப் பத்து மீட்டருக்காகத்தான் பலரும் 10×25 வாங்குகிறார்கள். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் தெரியும்.

25-ஐ 8-ஆல் வகுத்தால் 3.1. 10-ஆல் வகுத்தால் 2.5. பைனாகுலரிலிருந்து வெளியே வந்து நம் கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் விட்டம், மில்லிமீட்டரில், இதுதான். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைனாகுலரைக் கை நீட்டி, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்துக் கண்பக்க லென்ஸைப் பாருங்கள். கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு சின்ன வட்டம் மிதக்கும். அந்த வட்டமும் உங்கள் கண்ணின் பாவையும் நேருக்கு நேர் பொருந்தினால்தான் படம்.

நல்ல வெயிலில் பாவை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கியிருக்கும். 3.1 மில்லிமீட்டர் வட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. கை லேசாக நகர்ந்தாலும் ஒளி பாவைக்குள்ளேயே விழும். 2.5 மில்லிமீட்டர் வட்டத்தில் அந்த இடம்கொடுப்பு இல்லை. கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் கருத்துவிடும். கடையில் அசையாமல் நின்று எதிர்ச் சுவரைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மூச்சு வாங்க ஏறிய பிறகு, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்க்கும்போது நன்றாகவே தெரியும்.

அந்தி சாயும்போது கதை இன்னும் மாறுகிறது. இருட்ட இருட்டப் பாவை விரியும். இளவயதில் 7 மில்லிமீட்டர் வரை போகும். வயது ஏற ஏற அவ்வளவு விரியாது, பலருக்கு 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். பாவை விரிந்து காத்திருக்கும்போது உள்ளே வருவது 2.5 மில்லிமீட்டர் கற்றை என்றால் படம் மங்கத்தான் செய்யும். பரப்பைக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் 10×25 தரும் வெளிச்சம் 8×25 தருவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 42 மில்லிமீட்டர் லென்ஸோ 25 மில்லிமீட்டர் லென்ஸைப்போல ஏறக்குறைய 2.8 மடங்கு ஒளியை வாங்குகிறது. எவ்வளவு உயர்ந்த கண்ணாடி போட்டாலும் இந்த இடைவெளியைச் சின்ன பைனாகுலரால் தாண்ட முடியாது.

இந்த இடத்தில் ஒன்றை எச்சரிக்க வேண்டும். விவரத்தாள்களில் அந்தி எண் என்று ஒன்று போடுவார்கள். மடங்கையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. 8×25-க்கு 14.1, 10×25-க்கு 15.8. இதை மட்டும் பார்த்தால் பத்து மடங்குதான் அந்திக்கு உகந்தது என்று தோன்றும். மங்கிய ஒளியில் உருவம் பெரிதாகத் தெரிந்தால் விவரம் கொஞ்சம் கூடப் பிடிபடும் என்பது உண்மை, அந்த எண்ணின் அடிப்படையும் அதுவே. ஆனால் கண்ணாடியின் தரமும் பூச்சின் தரமும் கையின் ஆட்டமும் அதில் துளிகூட இல்லை. மட்டமான 10×25-க்கும் உயர்ந்த 10×25-க்கும் ஒரே எண்தான் வரும். வாங்குவதற்கு அதை அளவுகோலாக வைக்காதீர்கள்.

கையின் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்குகிறது. கனமான பைனாகுலர் தன் எடையாலேயே கையைக் கொஞ்சம் அடக்கும். 300 கிராம் கருவியிடம் அந்த உதவி கிடையாது. விரல்கள் பிடிக்கவும் இடம் குறைவு. அதனால்தான் பெரிய 10×42-ஐ நிம்மதியாகப் பிடிப்பவர்கூட 10×25-இல் தடுமாறுகிறார். பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. நல்ல 8×25 ஒன்றில் 1000 மீட்டர் தொலைவில் 115 முதல் 130 மீட்டர் அகலம் தெரியும், பத்து மடங்கில் பெரும்பாலும் 100-க்குள் நின்றுவிடும். ஓடும் காட்டுப்பன்றியையும் கிளை தாவும் பறவையையும் பிடிக்க இந்த அகலம் வேண்டும். தவிர, எட்டு மடங்கில் முன்னும் பின்னும் கூடுதல் ஆழத்துக்கு ஃபோகஸ் நிற்கும். அடிக்கடி சக்கரத்தைத் திருக வேண்டியதில்லை.

திறந்த மலைச்சரிவில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, எதிர்ச் சரிவை நிதானமாக அலசுபவருக்கு 10×25 பயன்படும். கொம்பின் கிளைகளை எண்ண அந்தக் கூடுதல் இரண்டு மடங்கு உதவும். மற்ற யாருக்கும் நான் எட்டைத்தான் சொல்வேன். 12×25 என்று ஒன்று வருகிறதே, அதைத் தொடவே வேண்டாம்.

வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமம் வைத்துக்கொண்டு, பருவத்தில் வேட்டைக்குப் போகிறவர் பைனாகுலரை எதற்கு எடுத்துப் போகிறார்? விலங்கைத் தேட மட்டுமல்ல. அது ஆணா பெண்ணா, குட்டி கூட நிற்கிறதா, அனுமதிக்கப்பட்ட இனம்தானா, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தீர்மானிக்க. துப்பாக்கியில்தான் ஸ்கோப் இருக்கிறதே என்று அதிலேயே பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலின் வாயும் பார்க்கிறது. புதருக்குப் பின்னால் அசைவது இன்னொரு மனிதராக இருந்தால், அவரை அடையாளம் காண்பதற்கு முன்பே குறி அவர்மேல் இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லித்தந்த பெரியவர் குரலை உயர்த்தாமல் சொல்வார்: "தம்பி, என்னன்னு தெரிஞ்ச பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வரணும். தெரியறதுக்காகத் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது." வேட்டைக்காரர் உடம்பில் எப்போதும் ஒரு பைனாகுலர் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். எப்போதும் உடம்பில் இருக்கக்கூடியது சின்னதுதான்.

வெளிச்சக் கணக்கும் வேட்டைக்காரருக்குத்தான் அதிகம் பொருந்தும். மான் வகைகள் அதிகாலையிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். வட அமெரிக்காவின் பல பகுதிகளில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த இரண்டு அரை மணி நேரங்களில்தான் 25 மில்லிமீட்டர் லென்ஸ் திணறும். மரமேடையில் உட்கார்ந்து அந்திவரை காத்திருப்பதே உங்கள் வழக்கம் என்றால் பாக்கெட் பைனாகுலர் உங்களுக்கானது அல்ல. 8×42 வாங்குங்கள், அல்லது குறைந்தது 8×32. உட்கார்ந்திருப்பவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து உள்ளே இருக்கும் பிரிஸம். இதை ஒதுக்கிவிட்டு வாங்க முடியாது. லென்ஸ் தலைகீழாகக் காட்டும் படத்தை நேராக்கித் தருவது பிரிஸம்தான். இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதை வைத்துத் தரமான பைனாகுலர்களை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய பைனாகுலர்களில் முன்லென்ஸ்கள் அகன்று, கண்பக்கம் குறுகி, தோள் புடைத்தது போன்ற உருவம் இருக்குமே, அது போரோ. சின்ன பைனாகுலர்களில் இதையே திருப்பிப்போட்டு, முன்லென்ஸ்களை நெருக்கமாகவும் கண்பக்கத்தை அகலமாகவும் வைத்து ஒரு வகை செய்கிறார்கள். இன்னொன்று ரூஃப் பிரிஸம். இரண்டு நேர்க் குழாய்களாக இருக்கும், மடித்தால் கைக்குள் அடங்கிவிடும்.

குறைந்த செலவில் வாங்குபவருக்கு நான் திருப்பிய போரோவைத்தான் சொல்வேன். காரணம் ஒளியியலில் இருக்கிறது. போரோ பிரிஸத்தில் ஒளி முழு அகப் பிரதிபலிப்பால் திரும்புகிறது, கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசத் தேவையில்லை. பாக்கெட் வகைகளில் வரும் ரூஃப் பிரிஸம் பெரும்பாலும் ஷ்மிட்-பெக்கன் அமைப்பு. அதில் ஒரு முகத்துக்குப் பிரதிபலிப்புப் பூச்சு கட்டாயம் வேண்டும். அலுமினியம் பூசினால் அந்த ஒரு முகத்திலேயே பத்தில் ஒரு பங்கு ஒளி போய்விடலாம். வெள்ளி அதைவிட நல்லது. மின்காப்புப் படலங்களை அடுக்கடுக்காகப் பூசும் டைஎலக்ட்ரிக் முறையில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வரும்.

ரூஃப் பிரிஸத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூரைபோன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது அலைகளின் கட்டம் பிசகி, படத்தின் கூர்மையும் கருப்பு வெள்ளை வேறுபாடும் குறையும். 1988-இல் ஸைஸ் இதற்கென்று கட்டத் திருத்தப் பூச்சைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இந்தப் பூச்சுகளெல்லாம் சேர்ந்த ரூஃப் பைனாகுலர் அருமையான பொருள், ஆனால் செலவு பிடிக்கும். இந்தக் கட்டத் திருத்தப் பூச்சு (ஃபேஸ் கோட்டிங்) இருப்பதாக விவரத்தாளில் குறிப்பிடாத மலிவு ரூஃப் பைனாகுலரில் அது இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போரோவுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

லென்ஸ் பூச்சு விஷயம் எல்லா வகைக்கும் பொது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்புகளைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். போவதோடு விடாது, உள்ளேயே சுற்றி வந்து படத்தின்மேல் வெண்மையாகப் புகைபோலப் படரும். 1935-இல் ஸைஸில் பணிபுரிந்த அலெக்ஸாண்டர் ஸ்மகூலா இதற்குப் பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். ஃபுல்லி மல்டி-கோட்டட் என்று போட்டிருந்தால்தான் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று பொருள். வெறும் கோட்டட் என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருந்தாலும் அப்படிப் போட்டுவிடலாம். முன்லென்ஸில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். மங்கலான பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி, வெள்ளையாகப் பளிச்சென்று அடித்தால் பூச்சு சரியில்லை. மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸ் பார்க்க ஜோராக இருக்கும். அது சிவப்பு ஒளியை வெளியே தள்ளுகிறது, உள்ளே வரும் காட்சி பச்சை நீலம் படிந்து கிடக்கும். ஜூம் வைத்த பாக்கெட் பைனாகுலர், ஃபோகஸ் செய்யவே வேண்டாம் என்று விற்பவை, இரண்டையும் இதோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முன்னே சொன்ன அந்த வெள்ளை வட்டத்தைத் திரும்பவும் பாருங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால், உள்ளே பிரிஸம் சிறியது அல்லது கண்ணாடி தரம் குறைந்தது. அப்புறம் கடைக்கு வெளியே வந்து, வானத்துக்கு எதிரே கருப்பாகத் தெரியும் ஒரு கிளையையோ கம்பியில் உட்கார்ந்த காகத்தையோ பாருங்கள். காகத்தின் முதுகு விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடு ஓடினால் அது நிறப்பிறழ்ச்சி. வட்டத்தின் நடுவில் அறவே இல்லாமல், ஓரத்தில் மட்டும் மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை. நடுவிலேயே தடித்துத் தெரிந்தால் வேண்டாம். இரண்டு குழாய்களும் ஒரே திசையில் பார்க்கின்றனவா என்பதை இதைவிடக் கவனமாகச் சோதிக்க வேண்டும். தூரத்துக் கம்பி ஒன்றைப் பார்த்தபடி கண்களை ஒரு நிமிடம் தளர்த்தி வையுங்கள். கம்பி இரண்டாகப் பிரிந்தாலோ, பார்த்து முடித்ததும் நெற்றிக்குள் இழுப்பதுபோல இருந்தாலோ, விலையைக்கூடக் கேட்காமல் வைத்துவிடுங்கள். அச்சு விலகிய பைனாகுலரோடு ஒரு முழுநாள் போனால் தலைவலி நிச்சயம்.

கண்ணாடி அணிபவர்கள் ஐ ரிலீஃப் எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கண்பக்க லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்க முடியும் என்பதன் அளவு அது. 15, 16 மில்லிமீட்டராவது வேண்டும். பாக்கெட் வகைகளில் பல 10-ஐ ஒட்டியே நின்றுவிடும். அப்படியானால் கண்ணாடிக்காரருக்குச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும்தான். இதுவும் எண்ணை மட்டும் நம்பும் விஷயமில்லை. கண்பக்க லென்ஸைச் சுற்றியுள்ள ஐகப் வளையத்தை முழுக்க இறக்கி, உங்கள் கண்ணாடியோடு வைத்து, வட்டத்தின் விளிம்பு சுற்றிலும் கருப்பாகக் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கீல் ஒன்றா இரண்டா என்பது அடுத்தது. இரட்டைக் கீல் வைத்தவை நன்றாக மடிந்து, உண்மையிலேயே சட்டைப்பைக்குள் போகும். ஆனால் ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் இரண்டு கண்ணுக்கும் இடையிலான தூரத்தைப் புதிதாக அமைக்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும். ஒற்றைக் கீல் வகைகள் சற்றுப் பருமனாக இருந்தாலும் ஒரே அசைவில் தயாராகிவிடும். ஸைஸ் தன் சில பாக்கெட் மாதிரிகளில் கீலை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, சிறிதாக மடியவும் ஒரே அசைவில் விரியவும் வழி செய்திருக்கிறது. அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இரட்டைக் கீல் வாங்கினால் ஒரு பக்கக் கீல் கடைசிவரை விரிந்து முட்டும் இடத்தில் விட்டுவிட்டு, மறுபக்கத்தை மட்டும் கண்ணுக்கு ஏற்றபடி நகர்த்தப் பழகுங்கள். கீல் இறுக்கமாக இருக்க வேண்டியது முக்கியம். தொளதொளவென்று ஆடினால் கண்ணில் வைத்த பிறகும் அகலம் மாறிக்கொண்டே இருக்கும்.

நீர் புகாத கட்டுமானமும் நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பலும் காட்டுக்குப் போகிறவருக்கு அவசியம். மழைக்காக மட்டுமல்ல. குளிரிலிருந்து சூடான இடத்துக்கு வரும்போது உள்ளே ஈரக்காற்று இருந்தால் லென்ஸின் உட்புறம் ஆவி படியும், துடைக்கவும் முடியாது, நாளடைவில் பூஞ்சையும் பிடிக்கும். திருப்பிய போரோ வகைகளில் இந்தப் பாதுகாப்பு குறைவாகத்தான் கிடைக்கும். மழைக்காட்டில் நாள்கணக்கில் அலைபவர் மட்டும் போரோ பற்றி நான் சொன்னதைத் தள்ளிவைத்து, நல்ல ரூஃப் ஒன்றுக்குச் செலவு செய்யலாம்.

பூச்சி, வண்ணத்துப்பூச்சி, தும்பி என்று போகிறவர்களுக்குப் பாதையே வேறு. பென்டாக்ஸின் பப்பிலியோ 6.5×21 அரை மீட்டர் தூரத்தில் இருப்பதையும் ஃபோகஸ் செய்யும். இலைமேல் உட்கார்ந்த தும்பியின் இறக்கை நரம்புகளை அதைக் கலைக்காமல் எண்ணலாம். சாதாரண பாக்கெட் பைனாகுலர்கள் இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்தால் கைவிட்டுவிடும்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது டயாப்டர் அமைப்பு, அதாவது இரண்டு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது. வலது முன்லென்ஸைக் கையால் மறைத்து, இடது கண்ணால் தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைப் பார்த்து நடுச் சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்க வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். சில மாதிரிகளில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும், முறை ஒன்றுதான். வளையம் நின்ற இடத்தில் மெல்லிய வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பையில் உரசி நகர்ந்தாலும் இருட்டிலும் சரிசெய்யலாம்.

பிடிப்பதற்கும் ஒரு வழி உண்டு. விளிம்புள்ள தொப்பி போட்டுக்கொண்டு, பைனாகுலரைப் பிடித்த விரல்களில் இரண்டை விளிம்பின்மேல் போட்டுக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். நடுக்கம் பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும். லென்ஸில் தூசி விழுந்தால் முதலில் ஊதித் தள்ளுங்கள், அடுத்து மென்தூரிகை, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. சட்டை நுனியால் துடைத்தால் மணல்துகள் பூச்சைக் கீறிவிடும். ஈரத்தோடு திரும்பினால் உறைக்குள் மூடி வைக்காமல் வெளியே ஆறவிட்டு, காய்ந்தபிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.